அன்ரனி வான் லீவன்ஹொக் (1632 – 1723)

மாணவர்களே, நமது நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் டெல்வ்ற் எனப் பெயரிட்டதை அறிவீர்கள். அது நெதர்லாந்திலுள்ள ஒரு நகரின் பெயராகும். நுண்ணங்கிகளின் உலகை மனிதருக்குக் காட்டிய அன்ரனி வான் லீவன்ஹொக் அந்நகரிலேயே 1632 ஒக்ரோபர் 24 இல் பிறந்தார்.

கூடை முடைபவரான தந்தையை இவர் சிறுவயதிலேயே இழந்தார். பல்கலைக்கழகம் செல்லவில்லை. அக்கால விஞ்ஞானிகளின் மொழியான இலத்தீனும் அறியார். 16 ஆவது வயதில் அம்ஸ்ரடாம் சென்று துணி வணிகம் பழகினார். பின்னர் டெல்வ்ற் நகரில் துணிக்கடை நடத்தினார். துணியின் இழைகளைச் சோதிக்க வணிகர் வில்லைகளைப் பயன்படுத்துவர். லீவன்ஹொக் தாமே நுண்ணிய வில்லைகளைச் செய்து, ஒற்றை வில்லை நுணுக்குக்காட்டிகளை அமைத்தார். எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு உருப்பெருக்கும்.

1674 இல் ஏரி நீரில் புரொட்டோசோவாக்களைக் கண்டார். 1676 இல் பற்றீரியாக்களைப் பற்றியும் இலண்டன் றோயல் கழகத்திற்கு எழுதினார். படிக்காத வணிகரின் கூற்றை அங்கு பலர் நம்பவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை, நேரிற் பார்த்த 8 பேரின் சாட்சியங்களை அனுப்பினார். 1677 இல் றொபேட் ஹூக் அதனைத் தாமும் கண்டு உறுதிசெய்தார். 1680 இல் கழகம் அவரை அங்கத்தவராக்கியது.

1681 இல் அவருக்கு வயிற்றோட்டம் ஏற்பட்டது. அருவருப்பின்றித் தமது மலத்தையே ஆராய்ந்தார். அதில் அசையும் சிற்றுயிர்களைக் கண்டார். மலம் இயல்பாக இருந்தபோது அவை தென்படவில்லை என்பதையும் குறித்துவைத்தார். அவர் கண்டது ஜியார்டியா எனும் ஒட்டுண்ணியே எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். ஆயினும் நோய்க்கு அதுவே காரணம் என அவர் கூறவில்லை. நுண்ணங்கிகள் நோயை உண்டாக்கும் என்பது 19 ஆம் நூற்றாண்டிலேயே நிறுவப்பட்டது. 1723 ஓகஸ்ற் 26 இல், தமது 90 ஆவது வயதில், லீவன்ஹொக் காலமானார்.

நினைவிற் கொள்க:

• ஜியார்டியா சவுக்குமுளைகளையுடைய ஒருகல அங்கி. இதன் இனங்கள் மனிதரிலும் ஏனைய முலையூட்டிகளிலும் பறவைகளிலும் வாழ்கின்றன.

• மலத்துடன் வெளியேறும் சிறைப்பைகள் நீர், உணவு, கைகள் வழியாக வாயை அடைந்து, சிறுகுடலில் தொற்றை ஏற்படுத்தும்.

• கொதித்தாறிய நீரைப் பருகுதலும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் தடுப்பு முறைகளாகும்.

மாணவர்களே, லீவன்ஹொக்கிடம் பட்டம் இருக்கவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மை இருந்தது. செய்முறைப் பரீட்சையில் நுணுக்குக்காட்டியூடாகப் பார்க்கும்போது, புத்தகத்திலுள்ள படத்தையல்ல, நீங்கள் கண்டதையே வரையுங்கள்.