அண்ணல் கையில் சேராத நூல்

நெய்வேலி மண்ணில் வாழும் நமக்குக் காத்திருத்தல் புதிதன்று. 1957 மே திங்களில் இங்குச் சுரங்கப் பணி தொடங்கியது. மேல்மண்ணை அகற்றி அகற்றி, பழுப்பு நிலக்கரி முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டு திங்களில்தான். உழைத்தோர் தம் உழைப்பின் பயனைக் கண்ணாரக் கண்டனர். அந்நிறைவு கிட்டாமலே மறைந்தவர் அண்ணல் அம்பேத்கர். அவ்வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1891 ஏப்ரல் 14 அன்று இராணுவச் சுபேதார் ஒருவரின் மகனாகப் பிறந்த அண்ணல், பள்ளியிலேயே தீண்டாமையின் கொடுமையை நுகர்ந்தவர். கொலம்பியாவிலும் இலண்டனிலும் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அவர், பம்பாய் தாதரில் கட்டிய இராஜகிருகம் என்னும் இல்லத்தில் நூல்களுக்கே முதலிடம் அளித்தார்.

இலாகூரைச் சேர்ந்த சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டிற்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. அவருடைய உரையைக் கண்டு அஞ்சிய சங்கத்தார், சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். அண்ணல் ஒரு சொல்லையும் மாற்ற இசையவில்லை. மாநாடு நின்றது, நூல் நிற்கவில்லை. தம் சொந்தச் செலவில் 1,500 படிகளை வெளியிட்டார். இரண்டே திங்களில் அவை யாவும் தீர்ந்தன. தமிழிலும் அந்நூல் விரைவில் வெளிவந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து நிலைமை வேறாயிற்று. 1951இல் எழுதத் தொடங்கிய 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் பெருநூலை அண்ணல் 1956இல் முடித்தார். அப்போது நீரிழிவு அவர் உடலை வாட்டியது, கால்கள் தளர்ந்தன, கண்ணொளி மங்கியது. அச்சுச் செலவோ ஏறத்தாழ 20,000 ரூபாய். புத்தரின் 2,500ஆம் ஆண்டு விழாவையொட்டி, நூலகங்களுக்கும் விருந்தினர்க்கும் வழங்க 500 படிகளை அரசு வாங்கலாகாதா என வினவி, 1956 செப்டம்பர் 14 அன்று பிரதமர் நேருவுக்கு மடல் எழுதினார். அதற்கென ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டதென மறுநாளே மறுமொழி வந்தது. அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர், தம் நூலுக்காக இவ்வாறு கேட்க நேர்ந்ததை எண்ணுக!

அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். நவம்பரில் காத்மாண்டு சென்று உலகப் பௌத்தர் மாநாட்டில் உரையாற்றினார். தில்லி திரும்பியபின்னும் அவர் உள்ளம் அந்நூலையே சுற்றி நின்றது. டிசம்பர் 5 இரவு, முன்னுரையும் அறிமுகவுரையும் கொண்ட தட்டச்சுத் தாள்களைத் தம் படுக்கையருகே வைக்கச் செய்தார். மறுநாட் காலை அவர் துயிலெழவில்லை.

1957இல் நூல் வெளிவந்தது. அவர் எழுதிய முன்னுரை முதற்பதிப்பில் இடம்பெறவில்லை. பின்னர் அது தனியே வெளியாயிற்று. நூல் இன்று தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பயிலப்படுகின்றது.

அதனை வெளியிட்டவர் யார்? பம்பாய் சித்தார்த்தா கல்லூரியினர். அக்கல்லூரியை 1946இல் நிறுவியது, அண்ணல் அதற்கு முந்தைய ஆண்டு தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம். அரசு வாங்க இயலாதென்ற நூலை, அவர் கட்டிய கல்வி நிலையமே உலகிற்கு அளித்தது. வெள்ளி விழாக் காணும் நம் கழகம் போன்ற அமைப்புகள் எதற்கு என்பார்க்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

இளைஞர்களே! அண்ணல் காத்திருந்தும் காணாத அந்நூல் இன்று நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றது. அதனை வாங்கி மாலையிட்டு வைத்தல் போதாது. நாளொரு பக்கமேனும் படியுங்கள். படிக்க இயலாத பெற்றோர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர் கையில் சேராத நூல் நம் நெஞ்சில் சேரட்டும்.