ஏடு காத்த மேதை

பொம்மனஹள்ளி அறையில், தேர்வில் தவறிக் குமைந்திருந்த எனக்குக் கணித மேதை இராமானுசன் (1887–1920) வாழ்க்கை துணையாயிற்று. 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டார், தொகை பறிபோயிற்று. பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906, 1907 ஆண்டுகளில் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வியே.

ஆயினும், கண்ட முடிவுகளைக் குறிப்பேட்டில் இயல் இயலாக வகுத்து வைத்தார். பட்டமில்லாத அவருக்கு அவ்வேடுகளே சான்றாயின. 1910-இல் திருக்கோவிலூரில் இராமசாமி ஐயர் கண்டு வியந்தார். 1913-இல் அம்முடிவுகள் சில தாங்கிய மடல் கேம்பிரிட்சு அறிஞர் ஆர்டியைக் கவர்ந்தது. 1916-இல் அங்கேயே பட்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி.

பொழுதை வகுக்காமல் இழந்தார்; ஏட்டை வகுத்து எழுந்தார். நான் இரண்டையும் வகுக்கத் தொடங்கிவிட்டேன்: பாடத்திற்கோர் ஏடு, வேளைக்கொரு பாடம். தவறிய தோழரே, நீங்களும் இன்றே தொடங்குங்கள்!