அஞ்சா நெஞ்சினர் சிபில் கார்த்திகேசு அம்மையார்

நம் தோட்டத்து மூத்தோர் காலத்தைக் கணக்கிட்ட முறை தனியானது. திருமணமோ, குழந்தைப் பேறோ, ஒரு மரணமோ எப்பொழுது நடந்தது என்று கேட்டால் அவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். ஜப்பான்காரன் காலத்துக்கு முன்பு என்பார்கள். அன்றேல் அதற்குப் பின்பு என்பார்கள். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி முடிவதற்குள் நம் ஜொகூரையும் கைப்பற்றியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மூன்று ஆண்டு எட்டுத் திங்கள் நீடித்த அந்த ஆட்சியில் அரிசி அருகியது; மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று; வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டுக்கு நாளடைவில் மதிப்பே இல்லாமற் போயிற்று. அக்கொடிய காலத்தை நேரிற்கண்டு, உடலால் அனுபவித்து, பின்னர் நூலாகவும் எழுதி வைத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

சிபில் அம்மையார் 1899 செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்திராத் தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். அந்நாளில் அது டச்சுக்காரர் ஆட்சிப் பகுதி. தந்தையார் ஜோசப் டேலி அயர்லாந்து வழியில் வந்த கலப்பினத்தவர், தோட்டத்துறையில் பணிபுரிந்தவர். தாயார் மருத்துவச்சி. தாயின் தொழிலையே மகளும் விரும்பிப் பயின்று தாதியானார். மலாயாவில் வளர்ந்த அவர் கண்டனீயச் சீன மொழியைத் தாய்மொழி போலவே பேசினார். இந்த ஒரு திறமை அவர் வாழ்வில் எத்துணைப் பெரிய திருப்பத்தை உண்டாக்கப் போகிறது என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1919-இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் அவருக்கும் தைப்பிங்கைச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஒருவருக்கும் திருமணம் நடந்தது. அவரே பிற்காலத்தில் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு என்று அறியப்பட்டவர். இனமும் சமயமும் வேறு வேறாக இருந்தமையால் முதலில் எதிர்ப்பு எழுந்தது, பின்னர் அடங்கியது. முதற் குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தது. வில்லியம் என்னும் ஆண் குழந்தையை அவர்கள் தத்தெடுத்தனர். ஓல்கா, டாவ்ன் என இரு பெண்மக்கள் பிறந்தனர். 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் மருந்தகம் நடத்தினர். ஏழைகளிடம் பணத்தைப் பார்த்து மருந்து கொடுக்கும் பழக்கம் அங்கு இல்லை என்பதால் ஈப்போ மக்கள் அவர்களைப் பெரிதும் மதித்தனர்.

போர் மூண்டது. ஈப்போவில் குண்டுகள் விழத் தொடங்கவே, குடும்பம் அருகிலிருந்த பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. பாப்பான் ஈய வயல்கள் நிறைந்த ஊர். சீனர் மிகுதியாக வாழ்ந்த ஊர். அதன் பெரிய தெருவில் 74-ஆம் எண் கடைவீட்டில் அம்மையார் மருந்தகம் திறந்தார். ஊருக்குப் பின்னே காடு. காட்டினுள்ளே ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் மறைந்திருந்தனர்.

பகலில் அம்மை கண்ட குழந்தைகளும் காய்ச்சற்காரர்களும் முன்வாசல் வழியே வந்தனர். இரவானதும் பின்பக்கத்துக் காய்கறித் தோட்டத்தின் வழியே வேறு நோயாளிகள் வந்தனர். அவர்கள் குண்டடி பட்ட போராளிகள். விளக்கின் ஒளி வெளியே தெரியாதபடி அடைத்துக்கொண்டு அம்மையார் அவர்களுக்குச் சிகிச்சை செய்தார். மருந்து கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் காட்டுக்கும் மருந்து அனுப்பினார். வந்தவன் எக்கட்சியினன், எம்மொழியினன் என்று அவர் வினவவில்லை. காயத்தை மட்டுமே பார்த்தார். அவ்வாறு உதவுவது கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை மரணம் என்பதை அவர் நன்கு அறிவார்.

இன்னொரு குற்றமும் அவ்வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அது வானொலி கேட்டது! வெளிநாட்டுச் செய்திகளைக் கேட்பதை ஜப்பானியர் கடுமையாகத் தடை செய்திருந்தனர். அம்மையாரோ சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றை மாடிப்படியின் அடியில் தோண்டிய குழியில் ஒளித்து வைத்திருந்தார். அதற்கு ஜோசபின் என்று ஒரு பெயரும் இட்டிருந்தார். இலண்டன் பிபிசி செய்தியைக் கேட்டு, நம்பத் தகுந்தவர்களுக்குச் சொல்லி அனுப்புவார். ஜப்பானியரே எங்கும் வெல்கின்றனர் என்று நாளேடுகள் முழங்கிய வேளையில், உண்மைச் செய்தி ஒரு வேளைச் சோற்றுக்கு நிகராக மதிக்கப்பட்டது.

அதே காலத்தில், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஐரோப்பாவில் மற்றொரு வீட்டிலும் இதே பிபிசி செய்தியை மறைவாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். அது ஆலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் பிராங்க் என்னும் யூதச் சிறுமி ஒளிந்து வாழ்ந்த இடம். இட்லரின் நாஜி ஆட்சி யூதர்களைப் பூண்டோடு அழிக்க முற்பட்டு, ஏறத்தாழ 60 இலட்சம் பேரைக் கொன்றது. அக்கொலைக்குத் தப்புவதற்காக 1942 ஜூலை முதல் அச்சிறுமியின் குடும்பம் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் பதுங்கியிருந்தது. 1944 மார்ச்சுத் திங்களில் இலண்டனிலிருந்து பேசிய டச்சு அமைச்சர் ஒருவர், மக்கள் போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் காத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதனை வானொலியிற் கேட்ட ஆன், தான் எழுதிவந்த நாட்குறிப்பைச் செம்மைப்படுத்தி எழுதத் தொடங்கினாள். ஆகஸ்டு 4-ஆம் நாள் அவர்கள் பிடிபட்டனர். 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில், பதினைந்தே வயதில் அவள் மாண்டாள். உயிர் தப்பிய தந்தை 1947-இல் அந்நாட்குறிப்பை வெளியிட்டார்.

பாப்பானுக்குத் திரும்புவோம். 1943-இல் காட்டிக்கொடுப்போரின் துணையால் ஜப்பானியர் உண்மையை மோப்பம் பிடித்தனர். முதலில் கணவர் கைதானார். ஆகஸ்டுத் திங்களில் அம்மையாரும் பிடிக்கப்பட்டார். கெம்பெய்த்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசாரின் கையில் அகப்பட்டவர் முழு உடலோடு திரும்புவது அரிது. அங்கே யோஷிமுரா என்னும் சார்ஜன் அம்மையாரை விசாரித்தான். மூங்கிலால் அடித்தனர், நீரை வலுவில் புகட்டி வதைத்தனர், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டனர், நகங்களைப் பிடுங்கினர். போராளிகளின் பெயரைச் சொல் என்பதே கேள்வி. அம்மையார் ஒரு பெயரும் சொல்லவில்லை.

அடுத்து நிகழ்ந்ததை எழுதக் கை தயங்குகிறது. எனினும் அம்மையாரே எழுதி வைத்ததை நாம் மறைக்கலாகாது. 1936-இல் பிறந்த இளைய மகள் டாவ்னைக் கொண்டுவந்து, தாயின் கண்ணெதிரே ஒரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டனர். கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினர். தாய் பேசினால் மகள் பிழைப்பாள், பேசாவிட்டால் தீ. அந்தச் சின்னஞ்சிறு பெண்ணோ, தன்பொருட்டு எதையும் சொல்லிவிட வேண்டாம் என்று தாய்க்குத் துணிவூட்டினாள். நல்லவேளையாக ஓர் அதிகாரி குறுக்கிட்டு அவளை இறக்கச் செய்தார். இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பெரும்பாலும் அம்மையாரின் உறுதியை மட்டுமே புகழ்வர். அம்மரத்தில் தொங்கியவளும் உங்கள் வயதினளே என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு அம்மையார் பத்து காஜா சிறைக்கு அனுப்பப்பட்டார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்க இயலாத நிலை. 1945 செப்டம்பரில் விடுதலை கிடைத்தது. யோஷிமுரா போர்க்குற்ற விசாரணையில் மரண தண்டனை பெற்றுத் தூக்கிலிடப்பட்டான். அம்மையார் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. வீரச்செயலுக்காக அப்பதக்கம் பெற்ற மலாயாப் பெண் அவர் ஒருவரே.

பதக்கத்தைவிடப் பெரிது அவர் செய்த மற்றொரு வேலை. நோயுற்றிருந்த நாள்களில் அவர் தம் நினைவுகளை எழுத்தில் வடித்தார். 1954-இல், அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின், இலண்டனில் அது நூலாக வந்தது. பெயர் ‘நோ டிராம் ஆப் மெர்சி’. துளியளவு இரக்கமும் இல்லாமை என்பது அதன் பொருள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் ஒரு யூதரைப் பழித்துச் சொல்லும் தொடரிலிருந்து அத்தலைப்பு எடுக்கப்பட்டது. யூதரே இரக்கமின்றிக் கொல்லப்பட்ட காலத்தில் அத்தொடர் வேறொரு கொடுமைக்குப் பெயராக அமைந்தது வியப்புக்குரியது. ஆன் பிராங்க் தன் நூலை அச்சிற் காணவில்லை. சிபில் அம்மையாரும் காணவில்லை. ஆன் பிறந்தது 1929 ஜூன் 12. அம்மையார் மறைந்தது 1948 ஜூன் 12.

இவ்விடத்தில் நம் தோட்ட மக்களின் கதையைத் தொடாமல் செல்ல இயலாது. அம்மையார் ஈப்போவில் வதைபட்டுக்கொண்டிருந்த 1943-ஆம் ஆண்டிலேதான் சயாம்-பர்மா மரண இரயில் பாதையும் கட்டி முடிக்கப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர். தொடக்கத்தில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். பிறகு லயங்களிலும் சாலைகளிலும் வளைத்துப் பிடித்து லோரியில் ஏற்றினர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் அவர்கள் செத்து வீழ்ந்தனர். அங்கு இறந்த வெள்ளையர் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக உள்ளன. நம்மவருக்கு அப்படி இல்லை. யார் போனார், யார் திரும்பவில்லை என்பதற்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியலும் இல்லை. கைதிகளாயிருந்த வெள்ளையர் பலர் ஊர் திரும்பியதும் நூல் எழுதினர். நம்மவருள் திரும்பியோர் மீண்டும் பால்வாளியைத் தூக்கினர். அவர்களுட் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர். லயத்துத் திண்ணையில் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்னதோடு அவர்கள் கதை நின்றது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற தமிழ் நாவல்கள் தோன்ற அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன; செம்பனை வந்தது; மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். மலாயாப் போர்க்கால இலக்கியம் என்று ஒரு வரிசை வைத்தால், அதில் அம்மையாரின் நூல் முன்னே நிற்பதற்கு அவருடைய வீரம் மட்டும் காரணமன்று. அவர் கையில் எழுத்து இருந்தது.

அவருடைய பெயரும் இடையில் சில காலம் மங்கித்தான் கிடந்தது. அவர் மறைந்த நான்காம் நாளே, ஜூன் 16-இல், பேராக்கிலும் நம் ஜொகூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரு நாள் கழித்து அது மலாயா முழுமைக்கும் விரிந்தது. அம்மையார் எந்தப் போராளிகளின் புண்ணுக்கு மருந்திட்டாரோ, அவர்களுட் பலர் இப்போது அரசின் பகைவர் ஆயினர். அவர்களுக்கு உதவிய ஒருவரை உரக்கப் புகழப் பலர் தயங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம். மேலும், அவரை எந்த இனத்தார் தம்மவர் என்று கொண்டாடுவது? பிறப்பால் ஐரோப்பியக் கலப்பினர், மணத்தால் தமிழர் குடும்பத்தினர், பேச்சில் சீனர். உண்மையில் அவர் எல்லார்க்கும் உரியவர்; ஆயினும் எல்லார்க்கும் உரியவரை எவரும் பேணாமல் விட்டுவிடுவது உலக வழக்கமாக இருக்கிறது. 1983-இல் அவருடைய நூல் சிங்கப்பூரில் மறுபதிப்பாயிற்று. 2010-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்று வந்தது. இளைய தலைமுறையினர் பலர் அவர் பெயரை அதன் பின்னரே அறிந்தனர்.

முகத்தில் பட்ட பழைய காயம் சீழ்பிடித்து, குருதியில் நஞ்சு கலந்ததே அவர் மரணத்துக்குக் காரணம். ஜப்பானியச் சிப்பாயின் பூட்ஸ் கால் பட்ட தாடை அது. அகவை 48. ஸ்காட்லாந்தின் லானார்க்கு நகரில் முதலில் அடக்கம் செய்தனர். 1949-இல் அவர் உடல் கப்பலேறி மலாயா வந்தது. ஈப்போவில் எல்லா இன மக்களும் திரளாகக் கூடி ஊர்வலமாகச் சென்று, செயின்ட் மைக்கல் தேவாலயத்துக்கு அருகில் மீண்டும் நல்லடக்கம் செய்தனர். ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பாப்பான் ஊர் ஈயம் தீர்ந்து ஆள் குறைந்து போயிற்று. பிற்காலத்தில் ஆர்வலர்கள் 74-ஆம் எண் வீட்டைச் செப்பனிட்டு நினைவில்லமாக்கினர். மாடிப்படியின் அடியில் வானொலிப் பெட்டி ஒளிந்திருந்த அந்தக் குழியை அவர்கள் மூடிவிடாமல் அப்படியே விட்டு வைத்தனர்.