லூயி பிரெயில்

கண்ணிழந்தோர்க்கு எழுத்தளித்த லூயி பிரெயிலின் பெயரை அறியாதார் சிலரே. ஆயின் அப்பெரியார் இளமையில் எங்ஙனம் கற்றார் என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகுதியாக இல்லை. அதனையே இம்மலரில் கூற விழைகின்றோம்.

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே கூவ்ரே என்பது ஒரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைத்து வாழ்ந்த ஒருவரின் கடைசி மகவாக 1809 ஜனவரி 4ஆம் நாள் லூயி பிறந்தார். மூன்றாம் வயதில் தந்தையாரின் குத்தூசியை எடுத்து விளையாடுகையில் அது வழுக்கிக் கண்ணிற் பாய்ந்தது. புண் புரையோடி மறு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதிற்குள் பார்வை முற்றும் அற்றது.

அக்காலத்தில் இத்தகைய பிள்ளைகள் பலருக்கு வாய்த்தது பிச்சைப் பாத்திரமே. நம் காலனிகளிலும் அத்தகைய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் குவார்ட்டர்ஸ் வராந்தாவோடு நிறுத்திவிட்ட வீடுகளை நாம் கண்டதுண்டு, சொல்ல நாணுகின்றோம். கூவ்ரேயிலோ ஊர்ப் பாதிரியாரின் ஆதரவால், கிராமப் பள்ளி ஆசிரியர் லூயியை மற்றச் சிறுவரோடு ஒரே வகுப்பில் அமர்த்தினார். செவிவழிக் கேட்டே அவர் நன்கு தேறினார். ஆனால் தாமே படிக்க நூலில்லை.

1819இல் பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கிருந்த நூல்கள் சிலவே. சாதாரண எழுத்துகளையே பெரிதாகப் புடைக்க அச்சிட்ட அவை தூக்கவும் அரியவை. ஒவ்வோர் எழுத்தாய்த் தடவி முடிப்பதற்குள் சொல்லின் முற்பகுதி மறந்துபோம். பார்வையுள்ளார் தம் கண்ணுக்கு ஏற்றதையே பிறர் விரலுக்கும் ஏற்றதெனக் கொண்டதன் விளைவு அது.

சார்லஸ் பார்பியே என்னும் படை அதிகாரி 12 புள்ளிகளால் ஒரு முறை வகுத்திருந்தார். அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை. லூயி அதனை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். 6 புள்ளிகளால் 63 குறிகள் அமையும். 1824இல் இதனை அமைத்தபோது அவருக்கு வயது 15! தாளில் அப்புள்ளிகளைக் குத்துவதற்குக் கூரிய முனையுள்ள கருவியே வேண்டும். கண்ணைப் பறித்ததும் அத்தகைய ஒன்றே அன்றோ?

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். எனினும் 1840இல் வந்த புதிய தலைவர் இம்முறையைத் தடுத்தார். மாணாக்கரோ மறைவாக எழுதியே வந்தனர். 1844இல் தடை நீங்கிற்று. 1852 ஜனவரி 6ஆம் நாள் காசநோயால் லூயி மறைந்தார். இரண்டாண்டு கழித்தே பிரான்சு அம்முறையை ஏற்றது.

நம் நாட்டில் 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பாரதி பிரெயில் அமைந்தது. வடபுலத்தில் வாழும் நம் பிள்ளைகள் இரு நெடுங்கணக்குகளோடு மல்லாடுகின்றனர். விரலாற் படிக்கும் பிள்ளைக்கோ தமிழ்க் ககரத்துக்கும் இந்திக் ககரத்துக்கும் அதே இரண்டு புள்ளிகளே.