டாக்டர் சுப்பாராவும் யானைக்கால் வியாதியும்

யானைக்கால் வியாதியைத் தடுக்க வீடுதோறும் வழங்கப்படும் டி.இ.ஸி. மாத்திரையை நம் நாட்டில் உட்கொண்டோர் கோடிக்கணக்கினர். அதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னையில் வைத்தியம் பயின்றவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். குடும்பத்தில் வறுமை, சகோதரர்களை நோய் கொண்டு போயிற்று. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை வைத்தியக் கலாசாலையில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து சத்திர சிகிச்சை செய்யப் புகுந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டது, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. உடுப்பு செய்த குற்றத்துக்குப் படிப்புக்குத் தண்டனை! இவ்விசித்திர நியாயம் எந்தச் சட்டப் புத்தகத்தில் உளதோ, நாமறியோம்.

சிறிது காலம் ஆயுர்வேதக் கலாசாலையில் போதித்த பின் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து, தசைகளின் சக்திக்கு ஆதாரமான ரசாயனங்களை ஆராய்ந்து பெரும்புகழுக்குரிய உண்மைகளைக் கண்டார். எனினும் அங்கு நிரந்தர உத்தியோகம் கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துச்சாலையில் அமர்ந்தார்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களை யானைக்கால் புழு பற்றிற்று. மருந்து தேடும் வேலை சுப்பாராவின் ஆராய்ச்சிச்சாலைக்கு வந்தது. இழைப்புழு குடிகொண்ட பருத்தி எலிகளுக்கும் நாய்களுக்கும் ரசாயனங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இரத்தத் துளியில் குஞ்சுப் புழுக்களை எண்ணிப் பார்த்தனர். 1947-ல் டி.இ.ஸி.யின் குணம் வெளியாயிற்று. குஞ்சுகள் இரத்தத்திலிருந்து விரைவில் மறைந்தன. தாய்ப் புழுக்களோ முற்றிலும் மடியவில்லை. அக்குறையைத் தீர்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1948 ஆகஸ்டில், 53-ம் வயதில், அமெரிக்கப் பிரஜையாகாமலே காலமானார்.

ஒரு மருந்தால் ஆகாததை இரு மருந்துகள் கூடிச் செய்யுமா என்னும் கேள்வி பின்னோருக்கு வந்தது. லட்சுமணபுரியில் 1951-ல் தோன்றிய மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்திலும் எலியினங்களில் இப்புழுவை வளர்த்துப் பரிசோதித்தனர். இத்தகைய பரிசோதனையில் ஒரு கூட்டத்துக்கு முதல் மருந்து, மற்றொன்றுக்கு இரண்டாவது, மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு ஒன்றுமில்லை. இறுதியில் எஞ்சிய புழுக்களை எண்ணுவர். பொறுமை மிக வேண்டும் காரியம். மனிதரிடமும் தனியே சோதித்த பின், டி.இ.ஸி.யுடன் ஆல்பெண்டசோலும், 2018 முதல் சில ஜில்லாக்களில் ஐவர்மெக்டினும் சேர்த்து இந்தியாவில் வழங்கலாயினர்.

ஹோசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில் பீகார், ஜார்க்கண்டு, ஒடிஸா முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர் அநேகர் உழைக்கின்றனர். யானைக்கால் வியாதி ஒழியாத ஜில்லாக்கள் அம்மாகாணங்களில் உள்ளன. வந்தவர்களைக் குறை கூறுவது அடாது. அவர்களைப் பரிசோதித்து மருந்தளிப்பதே கடமை. இப்புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் தோன்றும். ஆனால் இரவெல்லாம் விழித்துப் பகலில் உறங்குவோரிடம் அவை நாளடைவில் பகலில் தோன்றத் தொடங்கும். ஆகவே இராச் சிப்டுத் தொழிலாளரின் இரத்தத்தை எடுக்க இரவு எட்டு மணிக்குச் செல்லும் சிப்பந்தி, அவர்கள் உறங்கும் பகலிலும் ஒரு முறை செல்லும்படி கிருஷ்ணகிரி ஜில்லா சுகாதார அதிகாரிகள் ஏற்பாடு செய்வார்களாக.