குழந்தைகளுக்குத் தோட்டம் தந்தவர்

பள்ளிக்கூடம் போகும் சின்னஞ்சிறு குழந்தையைக் கேட்டால், "நான் எல்.கே.ஜி.", "நான் யு.கே.ஜி." என்று பெருமையாகச் சொல்லும். கே.ஜி. என்பது கிண்டர்கார்டன் என்பதன் சுருக்கம். அது ஜெர்மன் மொழிச் சொல். கிண்டர் என்றால் குழந்தைகள். கார்டன் என்றால் தோட்டம்.

பள்ளிக்கூடத்துக்குத் தோட்டம் என்று பெயர் வருவானேன்?

அது வெறும் பேச்சுக்கு வைத்த பெயர் அல்ல. மண்ணும் பாத்தியும், பூவும் காயும் உள்ள உண்மையான தோட்டமே அங்கு இருந்தது. அந்தத் தோட்டத்தைக் குழந்தைகளுக்குத் தந்தவர் பிரெடரிக் பிரோபல். தாயின் முகம் அறியாமல் வளர்ந்தவர் அவர்.

தாய் இல்லாத பிள்ளை

ஜெர்மனியில், மலையும் காடும் சூழ்ந்த துரிங்கியா பகுதியில், ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் பிரோபல் பிறந்தார். அது 1782-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி. தந்தை பாதிரியார். குழந்தைக்கு 9 மாதம் ஆனபோது தாய் இறந்துவிட்டார்.

தந்தைக்கு ஓயாத வேலை. மகனைக் கொஞ்ச நேரம் இல்லை. பிரோபலுக்கு 4 வயதானபோது அவர் மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை முதலில் அன்பாகத்தான் இருந்தாள். தனக்கு ஒரு குழந்தை பிறந்ததும் மனம் மாறிவிட்டாள். அயலானிடம் பேசுவது போல அவனிடம் பேசத் தொடங்கினாள்.

ஏங்கிப் போன சிறுவனுக்கு வீட்டுத் தோட்டம்தான் துணை. செடிகொடிகளைப் பார்த்தபடியே பொழுதைப் போக்கினான்.

10 வயதில் தாய்மாமன் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். மற்றப் பிள்ளைகளோடு ஓடி ஆடும் இன்பத்தை அங்கேதான் அவன் கண்டான். தனிமையின் துயரம், விளையாட்டின் இன்பம் இரண்டையும் அவன் கடைசிவரை மறக்கவில்லை.

கடனும் சிறையும்

15 வயதில் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு ஜேனா பல்கலைக்கழகத்தில் படித்தார். கடனை அடைக்க முடியாமல், அங்குள்ள சிறையில் 9 வாரம் அடைபட்டுக் கிடந்தார்.

கட்டிடக் கலை கற்க எண்ணி, 1805-ல் பிராங்பர்ட் நகருக்குப் போனார். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பிள்ளைகள் முன் நின்றதுமே, தமக்கு ஏற்ற வேலை இதுதான் என்று தெரிந்துகொண்டார். சுவிட்சர்லாந்து சென்று, பெரும் கல்வியாளர் பெஸ்டலோசியிடம் இரண்டு ஆண்டுகள் இருந்து கற்றார்.

1813-ல் அவருடைய அண்ணன் காய்ச்சலில் இறந்தார். தகப்பன் இல்லாத அண்ணன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவே பிரோபல் 1816-ல் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அது கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது.

பெயர் பிறந்தது

பள்ளிக்கு வருமுன்பே குழந்தையின் மனம் உருவாகிவிடுகிறது என்பதைப் பிரோபல் கண்டார். எனவே 1837-ல், பிளாங்கன்பர்க் என்ற ஊரில், சின்னக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 55.

கம்பளி நூல் பந்து, மர உருண்டை, மரக்கட்டைகள் ஆகியவையே பாடப்பொருள்கள். பாட்டும் விளையாட்டுமே பாடம்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? வெகு நாள் யோசித்தார். ஒரு நாள் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்து வரும்போது, கீழே பள்ளத்தாக்கு பசுமையாகத் தெரிந்தது. சட்டென்று பெயர் உதித்தது: கிண்டர்கார்டன்! 1840-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி அந்தப் பெயர் ஊரறிய நிலைநாட்டப்பட்டது.

என் பாத்தி, நம் பாத்தி

பிரோபல் வகுத்த தோட்டத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் நடுவில் ஒரு சிறு பாத்தி உண்டு. அதில் அந்தக் குழந்தையின் பெயர் எழுதிய அட்டை இருக்கும். இடம் போதாவிட்டால் இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பாத்தி. விரும்பியதை நடலாம். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும். திட்டுவதற்கு ஆசிரியர் தேவை இல்லை, செடியே சொல்லிவிடும்.

இந்தச் சிறு பாத்திகளைச் சுற்றிப் பொதுப் பாத்திகள் இருக்கும். அவற்றில் ஒரு பக்கம் பூச்செடிகள், ஒரு பக்கம் காய்கறிகள். அவை எல்லோருக்கும் சொந்தம். எல்லோரும் சேர்ந்து பாடுபட வேண்டும். தன்னுடையதைப் பேணவும், பொதுவானதைக் காக்கவும் பிஞ்சு வயதிலேயே பழக்கம் வந்துவிடும்.

பெயரால் வந்த வினை

அன்று ஜெர்மனி பல நாடுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றில் பலம் மிக்கது பிரஷ்யா. 1851-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. அங்கே நாத்திகமும் பொது உடைமையும் போதிக்கப்படுகின்றன என்பது குற்றச்சாட்டு.

உண்மையில் நடந்தது பெயர்க் குழப்பம். அரசாங்கத்துக்குப் பிடிக்காத கருத்துகளை எழுதியவர் கார்ல் பிரோபல். அவர் வேறு யாரும் அல்ல. எந்த அண்ணன் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினாரோ, அவர்களில் ஒருவர்!

அவர் வேறு, நான் வேறு என்று பிரோபல் விளக்கினார். பயன் இல்லை. தடை நீங்கவில்லை. அந்த மனத்துயரோடு 1852-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி, 70-வது வயதில் காலமானார்.

மீண்டும் தளிர்த்தது

பிரோபலுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவரிடம் பயின்ற பெண்கள் அவர் பணியைக் கைவிடவில்லை. அவர்களில் ஒருவர் 1856-ல் அமெரிக்காவில் ஒரு கிண்டர்கார்டன் திறந்தார். மாரன்ஹோல்ட்ஸ் சீமாட்டி என்ற செல்வக் குடும்பத்துப் பெண்மணி, நாடு நாடாகச் சென்று பேசினார். 1860-ல் பிரஷ்யா தடையை நீக்கியது.

பிரோபலின் கல்லறை மீது ஒரு கனசதுரம், அதன்மேல் உருளை, அதன்மேல் பந்து ஆகியவற்றைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் குழந்தைகளின் கையில் கொடுத்த விளையாட்டுப் பொருள்கள் அவை.

எல்.கே.ஜி. என்று குழந்தை சொல்லும்போது, கடைசி எழுத்துக்குத் தோட்டம் என்று பொருள். பெரிய நிலம் வேண்டியதில்லை. ஒரு தொட்டி மண்ணும், குழந்தையின் பெயர் எழுதிய ஒரு அட்டையும் போதும். அந்த எழுத்துக்கு உயிர் வந்துவிடும்.