உப்புப் பீப்பாயில் தொடங்கிய படிப்பு



படிக்க ஆசைப்பட்டதே குற்றம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறை இருந்தபோது, கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைப் பல மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்தன. அந்த இருட்டில் பிறந்து, கடைசியில் ஒரு பெரிய தொழிற்கல்வி நிலையத்தையே கட்டி எழுப்பியவர் புக்கர் டி. வாஷிங்டன். பாலிடெக்னிக்கில் படிக்கிற நாம கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை இவருடையது.

வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில், 1856-ல் அடிமைத் தாய்க்கு மகனாகப் பிறந்தார். தன் பிறந்த நாள் எதுவென்று அவருக்கே சரியாகத் தெரியாது. அம்மா ஜேன் தோட்டத்துச் சமையல்காரி. பிள்ளைகள் படுத்தது மண் தரையில், கந்தல் துணி மேல். முதலாளி வீட்டுப் பெண்ணின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட வாசல் வரை போவான் சிறுவன் புக்கர். அதோடு சரி. உள்ளே கால் வைக்க அனுமதி கிடையாது.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊருக்குப் போனது. விடுதலை வந்ததே தவிர, பசி போகவில்லை. வளர்ப்புத் தந்தை பையனை உப்பு காய்ச்சும் ஆலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண். அவருடைய பீப்பாய்களுக்கு 18 என்று போடுவார்கள். தினமும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் 18 என்ற எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டான் புக்கர். அவன் கற்ற முதல் பாடம் அதுதான்.

படிக்கணும்னு அம்மாவிடம் கெஞ்சினான். எழுத்தே தெரியாத அந்த அம்மா எங்கிருந்தோ ஓர் அரிச்சுவடி வாங்கி வந்து கொடுத்தார். எங்க குடும்பத்தில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். கைநாட்டு வைக்கிற என் அம்மா, வருஷா வருஷம் என் புத்தகங்களுக்கெல்லாம் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுப்பாங்க. அதனால ஜேன் அம்மாவின் மனசு எனக்கு நல்லாவே புரியுது.

ஊரில் பள்ளிக்கூடம் வந்தும் பையனை அனுப்ப வழியில்லை. கூலி போய்விடுமே! முதலில் இரவில் ஆசிரியரிடம் பாடம் கேட்டான். பிறகு, விடியற்காலையிலேயே ஆலைக்குப் போய் ஒன்பது மணி வரை வேலை, சாயங்காலம் மறுபடியும் வேலை என்ற நிபந்தனையோடு பகலில் பள்ளிக்குப் போனான். பள்ளி தொடங்குவதும் ஒன்பது மணிக்குத்தான். என்ன செய்வான்? ஆலை ஆபீஸ் கடிகாரத்தின் முள்ளை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளி வைத்துவிட்டு ஓடுவான்! கடைசியில் மேலாளர் கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு பெயர் சொன்னார்கள். அவனுக்கு இருந்ததோ ஒரே பெயர். வாஷிங்டன் என்ற இரண்டாவது பெயரை அந்த இடத்திலேயே அவனாகச் சேர்த்துக்கொண்டான்.

அப்புறம் நிலக்கரிச் சுரங்க வேலை. ஒருநாள் சுரங்கத்துக்குள்ளே இரண்டு தொழிலாளர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஹாம்ப்டன் என்ற இடத்தில் கறுப்பின மாணவர்களுக்கு ஒரு கல்வி நிலையம் இருக்கிறதாம், ஏழைப் பிள்ளைகள் வேலை செய்தே படிக்கலாமாம். அன்றைக்கு மனசில் விழுந்த விதை அது. 1872-ல், பதினாறு வயதில் கிளம்பினார். ஊரில் வயதான பெரியவர்கள் சில்லறைக் காசும் கைக்குட்டையும் கொடுத்து வழியனுப்பினார்கள். நடந்தும், கிடைத்த வண்டியில் ஏறியும் போனார். ரிச்மண்ட் நகரில் கையில் காசு இல்லை. பலகை போட்ட நடைபாதைக்கு அடியில் படுத்துத் தூங்கி, பகலில் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிக் காசு சேர்த்தார். ஹாம்ப்டன் போய்ச் சேர்ந்தபோது மிச்சம் 50 சென்ட்.

அழுக்குத் துணியோடு நின்றவரை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. தலைமை ஆசிரியை ஒரு வகுப்பறையைப் பெருக்கச் சொன்னார். அவர் மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார், ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதுதான் அவருக்கு என்ட்ரன்ஸ் தேர்வு! கட்டடங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்துக்கொண்டே படித்து 1875-ல் தேறினார்.

1881 ஜூலை 4 அன்று அலபாமா மாநிலம் டஸ்கீகியில் பள்ளி தொடங்கினார். மாணவர்கள் சுமார் 30 பேர். ஓட்டைக் கூரை. மழை பெய்தால் ஒரு மாணவர் குடை பிடிப்பார், இவர் பாடம் நடத்துவார். கட்டடம் வேணுமே! செங்கல்லை நாமே சுடலாம் என்றார். முழங்கால் அளவு சேற்றில் நிற்கப் பிடிக்காமல் சில மாணவர்கள் படிப்பையே விட்டுப் போனார்கள். முதல் சூளை வீணானது. இரண்டாவதும் வீண், மூன்றாவதும் வீண். கையில் காசில்லாமல் தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளை போட்டார். கல் நன்றாக வெந்தது. கடிகாரத்தை மட்டும் கடைசி வரை மீட்க முடியவில்லை. அதே ஊர் வெள்ளைக்காரர்கள் பிறகு அந்தச் செங்கல்லைத் தேடி வந்து வாங்கினார்கள். 1915-ல் அவர் இறந்தபோது அங்கே சுமார் 1,500 மாணவர்கள், 100-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். அவர் தூண்டுதலால் ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற செல்வந்தர் 1912 முதல் உதவ, கிராமத்து மக்களும் பணம் போட, 1932-க்குள் கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தன.

இவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. வெள்ளையரோடு சமத்துவத்துக்கு இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம், முதலில் தொழில் கற்போம் என்பது 1895-ல் அட்லாண்டாவில் அவர் பேசியதன் சாரம். அறிஞர் டு பாய்ஸ் 1903-ல் இதைக் கடுமையாக மறுத்தார். தொழில் மட்டும் போதாது, உயர்கல்வியும் ஓட்டுரிமையும் வேண்டும் என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் ஓட்டுரிமை பறிப்புக்கு எதிரான வழக்குகளுக்கு வாஷிங்டன் வெளியே தெரியாமல் பணம் கொடுத்ததும் உண்மை.

இந்த வாதம் நமக்கும் சம்பந்தப்பட்டதுதான். டிப்ளமோதானே, கையில் அழுக்குப் படுகிற படிப்புதானே என்று நம்மையும் இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கை வேலை கேவலமில்லை என்பதை டஸ்கீகியின் செங்கல் சொல்லுது. அதே சமயம், ஏழைப் பிள்ளைக்கு இது போதும் என்று மற்றவங்க கோடு போட்டா அதையும் ஏத்துக்கக் கூடாது. டிப்ளமோ முடிச்சுட்டு மேலே படிக்க நினைக்கிறவங்க தயங்காமப் படிங்க.

இன்னொன்று நண்பர்களே. நம்ம தெருவிலேயே பாதியில் படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போற பிள்ளை ஒன்றாவது இருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், பள்ளி வரைக்கும் கூடப் போங்கள். வாசல் வரை வந்து நின்ற சிறுவன் புக்கரை அன்று உள்ளே கூப்பிட யாருமில்லை. இன்று கூப்பிட நாம இருக்கோம்.

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு